மேடைக்கு எந்த டிரம்ஸ்: சொந்த செட்டா, அங்கிருக்கும் செட்டா, எலக்ட்ரானிக் செட்டா?

கச்சேரி உறுதியான அன்றே டிரம்மர் விடை தேட வேண்டிய கேள்வி ஒன்று உண்டு: மேடையில் நிற்கப்போவது யாருடைய செட்? கிட்டார்காரர் தன் கிட்டாரைத் தோளில் மாட்டிக்கொண்டு வந்துவிடுவார். கீபோர்டுக்கு ஒரு பெட்டி போதும். டிரம்ஸ் அப்படியல்ல. ஐந்து டிரம், நான்கைந்து சிம்பல், ஏழெட்டு ஸ்டாண்டு, பெடல், ஸ்டூல், விரிப்பு என்று ஒரு வண்டியே நிறைந்துவிடும்.

அதனால் ஒவ்வொரு தடவையும் நான்கு வழிகளில் ஒன்றைத் தேர்ந்தெடுக்க வேண்டியிருக்கிறது. முழு சொந்த செட்டையும் ஏற்றிக்கொண்டு போகலாம். அங்கே இருக்கும் செட்டில் அப்படியே உட்காரலாம். அந்த செட்டின் கிக்கையும் (காலால் அடிக்கும் பெரிய டிரம்) டாம்களையும் (ஸ்நேர் அல்லாத மற்ற டிரம்கள்) வைத்துக்கொண்டு ஸ்நேர் (அடியில் கம்பிகள் கொண்ட டிரம்), சிம்பல், பெடல், ஸ்டூல் என்ற நான்கை மட்டும் நம்முடையதாக மாற்றலாம். அல்லது எலக்ட்ரானிக் செட்டுடன் போகலாம்.

எங்கள் கருத்தை முதலிலேயே சொல்லிவிடுகிறோம். நல்ல நிலையில் ஒரு செட் அங்கே இருக்குமானால், பெரும்பாலான கச்சேரிகளுக்கு மூன்றாவது வழிதான் சரி. கை பழகியது ஸ்நேரிலும் சிம்பலிலும்; கால் பழகியது பெடலில்; உடம்பு பழகியது ஸ்டூலின் உயரத்தில். டாம் நம்முடையதா இல்லையா என்பது ஒரு பாட்டில் நான்கைந்து இடத்தில்தான் தெரியும். ஸ்நேரும் ஹை-ஹாட்டும் (காலால் திறந்து மூடும் ஜோடி சிம்பல்) நம்முடையவை இல்லை என்றால் ஒவ்வொரு அடியிலும் தெரியும்.

முடிவெடுக்கும் முன் கேட்க வேண்டியவை

ஏற்பாடு செய்பவரிடம் "டிரம்ஸ் இருக்கா?" என்று மட்டும் கேட்டால் "இருக்கு" என்ற பதில்தான் வரும். செட்டைப் படம் எடுத்து அனுப்பச் சொல்லுங்கள்: எதிரிலிருந்து ஒன்று, உட்காரும் பக்கத்திலிருந்து ஒன்று. எதிர்ப்படத்தில் கிக்கின் முன் ஹெட்டில் (டிரம்மின் தோலில்) ஓட்டை இருக்கிறதா என்று தெரியும். பின்படத்தில் எத்தனை சிம்பல் ஸ்டாண்டு, ஸ்நேர் ஸ்டாண்டு உண்டா, ஹை-ஹாட் ஸ்டாண்டின் கால்கள் ஒழுங்காக நிற்கின்றனவா என்பது தெரிந்துவிடும்.

அடுத்து சவுண்ட்காரரிடம் டிரம்ஸுக்கு எத்தனை மைக் என்று கேளுங்கள். ஒரே மைக் என்றால் அது கிக்குக்குப் போகும். நான்கு என்றால் கிக், ஸ்நேர், மேலிருந்து இரண்டு. எட்டு இருந்தால் ஒவ்வொரு டிரம்முக்கும் தனித்தனியாக. மைக் எண்ணிக்கை குறையக் குறைய செட்டின் இயற்கையான ஒலி முக்கியமாகிறது. எட்டு மைக் இருக்கும் இடத்தில் சுமாரான டாமைக்கூட மிக்சரில் சரிக்கட்டிவிடலாம்.

மூன்றாவது, இரண்டு குழுக்களுக்கு நடுவே எத்தனை நிமிடம் தருகிறார்கள் என்பது. பதினைந்து நிமிடம் என்றால் முழு சொந்த செட் என்ற பேச்சே வேண்டாம். பழகிய கைக்கே ஐந்து டிரம் செட்டைப் பூட்டி முடிக்க அரை மணி நேரம் ஆகும். மைக் வைப்பதும் லைன் செக்கும் (ஒவ்வொரு மைக்கும் வேலை செய்கிறதா என்ற சோதனை) அதற்கு மேல். மேடை அளவையும் கேளுங்கள். ஐந்து டிரம் செட் தாராளமாக நிற்க இரண்டு மீட்டருக்கு இரண்டு மீட்டர் வேண்டும்.

அங்கிருக்கும் டிரம்கள், நம்முடைய நான்கு பொருள்கள்

இந்த வழியில் வண்டியில் ஏறுவது சிம்பல் பை, ஸ்நேர் பெட்டி, பெடல் பை, ஸ்டூல், ஒரு சின்ன உபகரணப் பை. ஒருவரே இரண்டு நடையில் உள்ளே கொண்டுபோய்விடலாம்.

ஸ்நேர் 14 அங்குலம் என்றால் அங்கிருக்கும் ஸ்டாண்டில் உட்காரும். 12 அல்லது 13 அங்குல ஸ்நேர் வாசிப்பவர்கள் சொந்த ஸ்டாண்டையும் எடுத்துப் போவது நல்லது. எல்லா ஸ்டாண்டின் பிடியும் அவ்வளவு சுருங்காது. வீட்டிலேயே டியூன் செய்துவிட்டால் மேடையில் கால் பங்கு திருப்பு, அரைத் திருப்பு வேலைதான் மிச்சம். ரிம்-ஷாட் (ஹெட்டையும் வளையத்தையும் ஒருசேர அடிப்பது) அதிகம் அடிப்பவர்களுக்கு, ஸ்டிக் விழும் பக்கத்து டென்ஷன் ராட் (ஹெட்டை இறுக்கும் திருகு) இரண்டும் பாட்டுக்குப் பாட்டு தளர்ந்துகொண்டே வரும். ஒவ்வொரு அடியிலும் வளையம் அங்கே ஒரு கணம் கீழே அழுந்துகிறது. அந்த நொடியில் ராடின் மேல் இருக்கும் இறுக்கம் விட்டுப்போய் அது கொஞ்சம் கொஞ்சமாகச் சுழன்றுவிடுகிறது. இரண்டு பாட்டுக்கு ஒரு தடவை விரலால் தொட்டுப் பாருங்கள். அந்த இரண்டு ராடுக்கும் நைலான் லாக் போட்டுவிட்டால் இந்தக் கவலை பெருமளவு குறையும்.

சிம்பலில் வரும் தொல்லை பெரும்பாலும் ஸ்டாண்டிலிருந்துதான் வரும். பலர் பயன்படுத்தும் ஸ்டாண்டுகளில் பிளாஸ்டிக் ஸ்லீவும் ஃபெல்ட்டும் காணாமல் போயிருக்கும். ஸ்லீவ் இல்லாமல் சிம்பலை மாட்டினால் ஸ்டாண்டின் மரை, சிம்பலின் நடு ஓட்டையை அரம் போல அறுக்கும்; வட்டமாக இருந்த ஓட்டை சாவித்துவாரம் மாதிரி நீளும். விரிசல் தொடங்க அது ஒன்று போதும். நான்கு ஸ்லீவ், எட்டு ஃபெல்ட் எப்போதும் பையில் இருக்கட்டும். விங் நட்டும் வேண்டும். இப்போதைய ஸ்டாண்டுகளில் பெரும்பாலும் 8 மி.மீ. மரை, பழைய ஸ்டாண்டுகளில் 6 மி.மீ.யும் உண்டு, ஆகவே இரண்டிலும் நான்கு வைத்துக்கொள்ளுங்கள். நட்டை முழுக்க முறுக்கிவிடாதீர்கள். சிம்பல் தலையாட்ட இடம் இருக்க வேண்டும். ஆட முடியாத சிம்பல் அடியின் வேகம் முழுவதையும் தானே வாங்கிக்கொண்டு விளிம்பில் வெடிக்கும்.

ஹை-ஹாட் கிளட்ச் சொந்தமாக ஒன்று கட்டாயம் வேண்டும். மேல் சிம்பலைக் கம்பியோடு பிடித்திருக்கும் அந்தச் சின்னப் பொருள்தான் மேடையில் அதிகம் ஏமாற்றுவது. அதன் அடியில் ஒரு நட் இருக்கும். அதிர்வில் அது மெல்ல மெல்ல இறங்கி, நடுப்பாட்டில் ஒரு நொடியில் கழன்று விழும். மேல் சிம்பல் கீழ்ச் சிம்பல்மேல் படுத்துவிடும். காலைத் தூக்கினாலும் ஹாட் திறக்காது. அப்போது குனிந்து தேடாதீர்கள். வலது கையை ரைடு சிம்பலுக்கு மாற்றி, பாட்டை முடித்துவிட்டு, பிறகு பூட்டுங்கள். கச்சேரிக்கு முன்பே அந்த நட்டை இறுக்கி, மரையின்மேல் ஒரு சுற்று டேப் போட்டுவிட்டால் இந்த நிலைமையே வராது.

பெடலைப் பூட்டும்போது வளையத்தின் தடிமனைக் கவனியுங்கள். மர வளையம் தடியாக இருக்கும், இரும்பு வளையம் மெல்லியதாக இருக்கும்; வீட்டில் வைத்த பிடி இங்கே பொருந்தாது. மர வளையமாக இருந்தால் ஒரு ரப்பர் துண்டை இடையில் வையுங்கள், அடுத்தவர் பொருளில் தழும்பு விழாது. பீட்டரின் (பெடலில் கிக்கை அடிக்கும் சுத்தி) உயரம் 22 அங்குல கிக்குக்கு ஒன்று, 18 அங்குல கிக்குக்கு வேறொன்று. கிக் சிறியதானால் பீட்டரைக் கீழே இறக்க வேண்டும், இல்லையென்றால் ஹெட்டின் மேல் விளிம்பருகே அடித்து டப்பா போல ஒலிக்கும். நம் கிக்குக்கு உகந்த உயரத்தை பீட்டர் கம்பியில் மார்க்கர் பேனாவால் ஒரு கோடு போட்டு வைத்துக்கொண்டால் வீட்டுக்கு வந்ததும் திரும்ப வைக்க எளிது.

ஸ்டூலைப் பலரும் விட்டுவிட்டுப் போகிறார்கள். நான்கில் அதுதான் முதலில் ஏற வேண்டிய பொருள் என்பது எங்கள் உறுதியான கருத்து. தொடை இடுப்பிலிருந்து முழங்காலை நோக்கிச் சற்றே சரிந்திருக்கும் உயரம் பெரும்பாலானவர்களுக்கு ஒத்துவரும். அது நான்கு சென்டிமீட்டர் மாறினாலே கணுக்காலின் கோணம் மாறி, கிக்கில் இரட்டை அடி தடுமாறும். பிற இடங்களில் கிடைக்கும் ஸ்டூல்கள் ஆடும், சில சமயம் வாசிக்க வாசிக்க இறங்கும். இரண்டு மணி நேரம் அதில் உட்கார்ந்தால் முதுகு சொல்லும்.

அந்த செட்டில் முதல் பத்து நிமிடம்

முதலில் ஸ்டூலைப் போட்டு, வலது காலைப் பெடலிலும் இடது காலை ஹாட்டிலும் வைத்து உட்காருங்கள். பிறகு ஸ்நேரை இரு முழங்கால்களுக்கு நடுவே கொண்டுவாருங்கள். மற்ற எல்லாவற்றையும் உங்களை நோக்கி நகர்த்துங்கள். முந்தைய டிரம்மர் விட்டுப்போன இடத்துக்கு உங்கள் கையை எட்டவைக்கப் பழக்கினால் நான்காவது பாட்டில் தோள்பட்டை பிடித்துக்கொள்ளும்.

டாம்களில் உங்கள் வீட்டு ஒலியைத் தேடாதீர்கள். கெட்ட ஒலியை நீக்கினால் போதும். ஒவ்வொரு ராடின் எதிரிலும், விளிம்பிலிருந்து மூன்று சென்டிமீட்டர் உள்ளே ஸ்டிக்கால் மெதுவாகத் தட்டுங்கள். எந்த இடத்தில் சுருதி இறங்குகிறதோ அந்த ராடைக் கால் திருப்பு ஏற்றுங்கள். கீழ் ஹெட் தொளதொளவென்று இருந்தால் எல்லா ராடையும் எதிரெதிராகக் கால் திருப்பு கொடுங்கள். அதற்குப் பிறகும் "ஊஊ" என்று நீண்டு ஒலித்தால் விளிம்போரம் ஒரு ஜெல் துண்டு அல்லது மடித்த டேப், இரண்டு விரல் அகலம். மூன்று நான்கு ஒட்டினால் டாம் அட்டைப்பெட்டி ஆகிவிடும். செட் இன்னொருவருடையது என்றால் டியூனிங்கில் கைவைக்கும் முன் ஒரு வார்த்தை கேட்டுவிடுங்கள். ஹெட் கிழிந்தால் வாங்கிக்கொடுப்பது கிழித்தவர் பொறுப்பு.

கிக்குக்குள் ஒரு துண்டைச் சுருட்டி, அடிக்கும் ஹெட்டை லேசாகத் தொடும்படி வையுங்கள். முன் ஹெட்டில் ஓட்டை இருந்தால் மைக் அதன் வழியே உள்ளே போகும். பீட்டர் படும் இடத்துக்கு அருகே நகர்த்தினால் "டக்" என்ற விளிம்பு கூடும், பின்னே இழுத்தால் வயிறு, அதாவது ஆழமான கீழ் ஒலி, கூடும். எந்த ஓசை வேண்டும் என்று சவுண்ட்காரரிடம் சொல்ல இந்த இரண்டு வார்த்தை போதும்.

கடைசியாக, கிக் முன்னே நகராமல் இருக்க வேண்டும். வழவழப்பான மேடையில் ஒவ்வொரு அடிக்கும் ஒரு மில்லிமீட்டர் நகர்ந்தாலும் மூன்றாவது பாட்டில் பெடல் எட்டாது. கிக்கின் முன்கால்களின் ரப்பரைப் பின்னுக்குச் சுழற்றினால் கூர்முனை வெளியே வரும். அது விரிப்பில் குத்தி நிற்கும், வெறும் தரையில் நின்றால் தரையைத்தான் கீறும். ஒன்றரைக்கு இரண்டு மீட்டரில் சொந்த விரிப்பு ஒன்று வண்டியிலேயே கிடக்கட்டும். ஸ்டாண்டுகள் நிற்கும் இடத்தை அதில் டேப்பால் குறித்து வைத்தால் அடுத்த கச்சேரியில் பாதி நேரம் மிச்சம்.

அங்கிருக்கும் செட்டில் எதையும் மாற்றாமல் அப்படியே வாசிப்பது இரண்டு மூன்று பாட்டுக்கு மட்டும் ஏறி இறங்கும் நிகழ்ச்சிகளுக்குச் சரி. அங்கும் டிரம் கீ, ஸ்டிக், முடிந்தால் பெடல் கையில் இருக்கட்டும். இடது கை டிரம்மர்களுக்கு மட்டும் இது வேறு கதை. முழு செட்டையும் திருப்ப ஐந்து நிமிடமாவது வேண்டும், மைக்குகளும் இடம் மாற வேண்டும். அதை முதல் நாளே சொல்லி, நிகழ்ச்சியின் முதல் குழுவாகவோ இடைவேளைக்குப் பிந்தைய குழுவாகவோ இடம் கேட்டு வாங்குங்கள்.

முழு சொந்த செட் எப்போது?

இரண்டு மூன்று மணி நேரம் நீங்கள் மட்டுமே வாசிக்கும் கச்சேரி, டாம்தான் பாட்டை நடத்தும் இசை, 18 அங்குல கிக்கை உயர்ந்த சுருதியில் டியூன் செய்து வாசிக்கும் ஜாஸ், நேரடிப் பதிவு: இந்த நான்குக்கும் சொந்த செட்டைத் தூக்குவது நியாயம். மற்றவற்றுக்கு, சொந்தமாகத்தான் வேண்டும் என்றால், சின்ன செட்டைக் கொண்டுபோங்கள். 20 அங்குல கிக், 12 அங்குல டாம், 14 அங்குல ஃப்ளோர் டாம், ஸ்நேர். டாம் ஒன்று குறைந்தால் ஒரு ஸ்டாண்டு குறைகிறது, ஒரு மைக் குறைகிறது, ரைடு சிம்பல் கைக்கருகே வருகிறது. நன்றாக டியூன் செய்த 20 அங்குல கிக் மைக் வழியாகக் கேட்கும்போது எதிரே இருப்பவர் அதை 22 என்றே நினைப்பார். மைக் இல்லாத திறந்தவெளியில் மட்டும் சின்ன கிக் தோற்றுப்போகும். ஒலியைத் திருப்பி அனுப்பச் சுவரில்லை, கூரையில்லை. கீழ்ச் சுருதி காற்றோடு போய்விடும்.

புது ஹெட் போடுவதாக இருந்தால் குறைந்தது முதல் நாளே போடுங்கள். புதியது இழுபட்டு நிலைக்குவர நேரம் எடுக்கும். மாலையில் போட்டு இரவில் வாசித்தால் இரண்டாவது பாட்டிலேயே சுருதி இறங்கும். டிரம்களை வெயிலில் நிற்கும் வண்டியிலிருந்து நேராகக் குளிர்சாதன அரங்குக்குள் கொண்டுவந்தால் அரை மணி நேரம் அப்படியே விட்டு, பிறகு டியூன் செய்யுங்கள். முன்பே செய்த டியூனிங் வெப்பநிலை மாற மாற நகர்ந்துவிடும்.

பூட்டும் வரிசை: விரிப்பு, கிக், ஸ்டூல், பெடல், ஹாட், ஸ்நேர், டாம்கள், கடைசியில் சிம்பல். ஸ்டாண்டுகளை மேடைக்குப் பக்கத்திலேயே விரித்து உயரம் வைத்துவிட்டுத் தூக்கிப் போங்கள். இறங்கும்போது சிம்பல் முதலில். மற்றதை மடிக்காமல் அப்படியே மேடையை விட்டு நகர்த்திவிட்டு ஓரத்தில் நிதானமாகப் பிரியுங்கள். அடுத்த குழு காத்திருக்கும்போது மேடை நடுவே நட்டுகளைக் கழற்றிக்கொண்டிருப்பது யாருக்கும் பிடிக்காது.

"சத்தம் அதிகம்" என்றால்?

எலக்ட்ரானிக் செட்டை நோக்கிப் பலரைத் தள்ளுவது இந்த ஒரு புகார்தான். அதற்கு முன்பே செய்து பார்க்க வேண்டியவை உண்டு. 5பி ஸ்டிக் சுமார் 15 மி.மீ. தடிமன், 5ஏ சுமார் 14.4, 7ஏ 13.7. எண்ணில் வித்தியாசம் சின்னது, சிம்பலில் பெரியது. மெல்லிய ஸ்டிக்கால் அதே கை வேகத்தில் வாசித்தாலும் சத்தம் கணிசமாகக் குறையும். அதற்கும் கீழே போக, மெல்லிய குச்சிகளைக் கட்டாகச் சேர்த்த ராட்ஸ் இருக்கிறது. ராட்ஸில் ஸ்நேரும் டாமும் அழகாக அடங்கும், ஆனால் ரைடின் "டிங்" மங்கிவிடும். கையில் ராட்ஸ், காலில் கெட்டி பீட்டர் என்றால் கிக் மட்டும் தனியாகத் துருத்தும். ஃபெல்ட் பீட்டருக்கு மாற்றிக்கொள்ளுங்கள்.

கண்ணாடித் தடுப்பு வைத்தால் பிரச்சினை தீரும் என்று பலர் நம்புகிறார்கள். தடுப்பு ஒலியை விழுங்குவதில்லை, திருப்பித்தான் அனுப்புகிறது. முன்னே போக வேண்டிய சிம்பல் ஒலி பின்சுவரில் பட்டு மேலேறிப் போகும், டிரம்மரின் காதுக்கோ இரட்டிப்பாக வரும், மேல் மைக்குகளிலும் கலங்கி விழும். பின்னாலும் மேலேயும் ஒலி உறிஞ்சும் தடித்த பொருள் இருந்தால் மட்டும் தடுப்பு வேலை செய்யும்.

எலக்ட்ரானிக் செட்டின் வரவும் செலவும்

வரவு தெளிவானது. மேடையில் சத்தமே இல்லை. மிக்சருக்கு இரண்டே லைன். பாட்டுக்குப் பாட்டு வேறு ஸ்நேர், வேறு கிக். மைக் இல்லை, ஃபீட்பேக் இல்லை. பல வகைப் பாடல்களை ஒரே இரவில் வாசிக்கும் குழுவுக்கு இது பெரிய வசதி.

செலவு மேடை ஏறிய பிறகுதான் தெரியும். முதலாவது, பக்கத்தில் நிற்கும் பாஸ் கிட்டார்காரருக்குக் கேட்பது ரப்பரைத் தட்டும் ஓசை மட்டும். அக்கூஸ்டிக் செட்டில் மொத்தக் குழுவும் மானிட்டரே (வாசிப்பவர்கள் கேட்பதற்கான ஸ்பீக்கர்) இல்லாமல் டிரம்ஸைக் கேட்டுக்கொள்ளும்; இங்கே ஒவ்வொருவருக்கும் மானிட்டர் வழியாகத்தான் தாளம் போக வேண்டும். மானிட்டர் போதாத மேடையில் எலக்ட்ரானிக் செட்டை வைத்தால் குழு இரண்டாம் பாட்டிலேயே தள்ளாடும். ஆகவே டிரம்மரின் பின்னால் 12 அல்லது 15 அங்குல பவர்டு ஸ்பீக்கர் ஒன்றை வைப்பது கிட்டத்தட்டக் கட்டாயம். எட்டு அங்குல மானிட்டரில் கிக்கை ஏற்றினால் பிளந்து ஒலிக்கும்.

இரண்டாவது, ஒலி அளவு. மாட்யூலில் (ஒலிகளை உருவாக்கும் பெட்டி) தயாராக வரும் கிட்கள் (ஒலித் தொகுப்புகள்) ஒன்றுக்கொன்று சத்தத்தில் வேறுபடும். அடுத்த பாட்டுக்கு மாற்றியதும் ஸ்நேர் திடீரென்று எகிறினால் சவுண்ட்காரர் கையைப் பிசைவார். கச்சேரியில் பயன்படும் கிட்களை மட்டும் வரிசையாக அடுக்கி, ஒரே ஸ்பீக்கரில் ஒவ்வொன்றையும் கேட்டு அளவைச் சமன் செய்துவிடுங்கள். மாட்யூலின் ரிவெர்பை அணைத்துவிடுங்கள் அல்லது வெகுவாகக் குறையுங்கள். அரங்கமே அதைத் தரும். மாஸ்டர் குமிழை முக்கால் பங்கில் வைத்து சவுண்ட் செக் செய்த பிறகு தொடக்கூடாது. ஹெட்போன் அளவும் வெளியே போகும் அளவும் தனித்தனிக் குமிழ்களா என்று வாங்கும் முன்பே பார்த்துக்கொள்ளுங்கள்.

மூன்றாவது, தவறான அடி. கீழே சப்வூஃபர் அதிரும் மேடையில் கிக் பேட் தானாகவே ஒலிக்கும். கிராஷ் சிம்பலை வேகமாக அடித்தால் அதே ரேக்கில் இருக்கும் டாமும் சேர்ந்து ஒலிக்கும். ஒலிக்கும் பேடின் த்ரெஷோல்டை (எவ்வளவு வேகமான அடிக்கு மேல் ஒலிக்க வேண்டும் என்ற அளவு) ஒவ்வொரு படியாக ஏற்றுங்கள். ஒரேயடியாக ஏற்றினால் மெல்லிய அடிகள் எல்லாம் காணாமல் போகும். ஹை-ஹாட்டை ஒவ்வொரு தடவை பூட்டியதும் மறுபடி காலிபரேட் செய்ய வேண்டும். கிளட்ச் இரண்டு மில்லிமீட்டர் இறங்கியிருந்தாலும் மூடிய ஹாட் பாதி திறந்ததாகக் கேட்கும்.

நான்காவது, மின்சாரம். ஒரு நொடி விட்டு வந்தாலும் மாட்யூல் மறுபடி எழுந்திருக்கப் பல நொடி ஆகும். அதுவரை டிரம்ஸ் ஊமை. அடாப்டரின் பின் தளராதபடி வயரை ரேக்கில் ஒரு சுற்றுச் சுற்றிக் கட்டுங்கள். அதே வோல்ட், அதே துருவம் உள்ள இரண்டாவது அடாப்டர் பையில் இருக்கட்டும். 6.35 மி.மீ. ஜாக் கேபிள் இரண்டு, உபரியாக ஒன்று, டிஐ பாக்ஸ் (மாட்யூலின் ஒலியை மிக்சருக்கு ஏற்றபடி மாற்றி அனுப்பும் சின்னப் பெட்டி) இரண்டு. "ம்ம்ம்" என்று இரைச்சல் வந்தால் டிஐ பாக்ஸில் இருக்கும் கிரவுண்ட் லிஃப்ட் ஸ்விட்சை முதலில் தட்டிப் பாருங்கள்.

பிரஷ் வாசிப்பு, ரைடின் நீளும் அலை, ஸ்நேரில் காதோடு பேசும் மெல்லிய அடி: இவை பாட்டின் உயிராக இருக்கும் குழுவுக்கு எலக்ட்ரானிக் செட்டை நாங்கள் பரிந்துரைக்க மாட்டோம். அக்கூஸ்டிக் செட்டோடு ஹாட்டுக்கு மேல் ஒரு சாம்பிள் பேட் மட்டும் வைத்துக்கொள்ளும் நடுவழியோ பலருக்கும் பொருந்தும். கைத்தட்டல், லூப், எலக்ட்ரானிக் கிக் எல்லாம் பேடிலிருந்து வரும். தாளத்தின் உடம்பு டிரம்ஸிலேயே இருக்கும். பேட் நின்றுபோனாலும் பாட்டு நிற்காது.

காதுக்கு என்ன: வெட்ஜா, இன்-இயரா?

வெட்ஜ் என்பது தரையில் வைக்கும் மானிட்டர் ஸ்பீக்கர், இன்-இயர் என்பது காதுக்குள் மாட்டும் மானிட்டர். செட்டைத் தீர்மானித்த கையோடு இதையும் தீர்மானியுங்கள். அமெரிக்காவின் நியோஷ் அமைப்பு வேலையிடத்துக்குப் பரிந்துரைக்கும் வரம்பு, 85 டெசிபலில் நாளொன்றுக்கு 8 மணி நேரம். ஒவ்வொரு 3 டெசிபலுக்கும் நேரம் பாதியாகும். அந்தக் கணக்கில் 94 டெசிபலுக்கு ஒரு மணி நேரம், 100 டெசிபலுக்குப் பதினைந்து நிமிடம். அக்கூஸ்டிக் செட்டில் வேகமாக வாசிப்பவரின் காதருகே 100 டெசிபல் எளிதாகத் தாண்டும். அதற்கு மேலே பாடகர் குரல் கேட்க வேண்டும் என்றால் வெட்ஜ் இன்னும் சத்தமாகக் கத்த வேண்டும். ஆகவே அக்கூஸ்டிக் செட்டுக்கு இன்-இயர், எலக்ட்ரானிக் செட்டுக்கு எதுவும் சரி என்பது எங்கள் கணக்கு.

டிரம்மர் இடம்விட்டு நகர்வதில்லை, வயர்லெஸ் தேவையில்லை. பெல்ட்டில் மாட்டும் சின்ன வயர்டு ஆம்ப் போதும். புளூடூத் இயர்போன் மட்டும் வேண்டவே வேண்டாம், அதன் தாமதத்தில் உங்கள் ஸ்நேர் உங்கள் கைக்குப் பின்னால் வரும். ஒரு காதைக் கழற்றிவிட்டு வாசிக்கும் பழக்கமும் வேண்டாம். கழற்றிய காது முழுச் சத்தத்தை வாங்குகிறது, மாட்டிய காதில் அதை மிஞ்ச நீங்களே அளவை ஏற்றுகிறீர்கள். அடைபட்டது போல இருந்தால் அரங்கத்தை நோக்கி ஒரு மைக் வைத்து அதைக் கொஞ்சம் கலந்து தரச் சொல்லுங்கள். மிக்ஸில் கேட்க வேண்டியது கிளிக் (வேகம் காட்டும் டிக் டிக் ஒலி), பாஸ், தாளம் தரும் கிட்டார் அல்லது கீபோர்டு, பாடகர், கொஞ்சம் கிக், அவ்வளவுதான்.

இன்-இயர் இல்லாத இடத்தில் பாஸ் ஆம்ப்பை ஹை-ஹாட் பக்கம் உங்களுக்கு அருகே வைக்கச் சொல்லுங்கள். ஒலி நொடிக்குச் சுமார் 343 மீட்டர் போகிறது. ஆறு மீட்டர் தள்ளியிருக்கும் ஆம்ப்பின் ஒலி 17 மில்லி விநாடி தாமதமாக வரும். வேகமான பாட்டில் அந்தத் தாமதமே கிக்கையும் பாஸையும் பிரித்துக் காட்டிவிடும். காதில் பிளக் போட்டுக்கொள்ள மறக்காதீர்கள்.

எந்த வழியில் போனாலும் கூடவே போகும் பை

டிரம் கீ இரண்டு, ஸ்டிக் ஆறு ஜோடி, கேஃபர் டேப், ஜெல் துண்டுகள், சின்ன டார்ச், விங் நட், ஃபெல்ட், ஸ்லீவ், கிளட்ச், பெடல் ஸ்பிரிங், ஸ்நேர் கம்பிகளைப் பிடிக்கும் கயிறு, கிக் ஹெட்டில் ஒட்டும் பேட்ச். ஸ்நேர் கயிறு அறுந்தால் கம்பிகள் தொங்கி, ஸ்நேர் டாம் மாதிரி ஒலிக்கும். டேப்பால் அந்த நுனியை இழுத்து ஒட்டினால் ஒரு பாட்டு தாங்கும்.

வண்டியில் இன்னும் ஒரு பொருளுக்கு மட்டும் இடம் இருந்தால் இரண்டாவது ஸ்நேரை ஏற்றுங்கள், உபரி ஹெட்டை அல்ல. ஹெட் கிழிந்தால் கழற்றி, புதிதைப் போட்டு, எட்டு அல்லது பத்து ராடை இறுக்கி, டியூன் செய்ய ஐந்து நிமிடத்துக்கு மேல் போகும். அதுவரை பாடகர் மக்களிடம் பேசிக்கொண்டிருக்க வேண்டும். டியூன் செய்து, ஸ்டூலுக்குப் பின்னால் எட்டும் தூரத்தில் வைத்திருக்கும் ஸ்நேர், பாட்டுக்கும் பாட்டுக்கும் நடுவில் இருபது நொடியில் ஸ்டாண்டில் ஏறிவிடும்.